அவர், அவன், உவன்

ஆங்கிலத்தில் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அரசனும் 'ஹி'. அவனைக் கொல்ல வாளோடு வருகிறவனும் 'ஹி'. எழுதுகிறவர் அந்த ஆளை மதிக்கிறாரா வெறுக்கிறாரா என்பதைக் கடைசிப் பக்கம் வரை காட்டாமலே ஓட்டிவிடலாம். தமிழில் அது நடக்காது. 'வந்' என்று வாயைத் திறந்தால் 'தான்' என்றோ 'தார்' என்றோ முடித்தாக வேண்டும். முடித்த உடனேயே நீங்கள் எந்தப் பக்கம் என்பது வெளிப்பட்டுவிடும்.

இது எனக்கு ஒரு தளபதியால் வந்த தலையிடி.

எஸ்.எஸ்.சி. சோதனை எழுதிவிட்டு, பாஸா பெயிலா என்ற மறுமொழிக்காக உடையார்கட்டில் வீட்டோடு இருந்த காலம். விடுதிப் பள்ளிக்கூடத்தில் கிழிந்த புத்தகங்களைக் கழித்தபோது ஒரு தடித்த ஆங்கில நாவலை நான் எடுத்து வந்திருந்தேன். மட்டையும் இல்லை, முன்பக்கங்களும் இல்லை. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு நாடுகள், நடுவில் ஓர் ஆறு, ஆற்றோரம் ஒரு கோட்டை, மலைக்கு அடியில் தூங்கும், தீக் கக்கும் ஒரு பறவைநாகம். நல்லவன் நல்லவனாகவே பிறந்து நல்லவனாகவே முடிசூடும் கதைகளில் எனக்கு அப்போதே அலுப்பு வந்திருந்தது. இந்தத் தளபதி வேறு மாதிரி. அரசனுக்காக நாகத்தோடு போராடி ஒரு கையைத் தீயில் கொடுத்த மனிதர், பாதிக் கதையில் எதிரி நாட்டு ராணிக்குக் கோட்டைக் கதவைத் திறந்து விடுகிறார்! கீழ்நகரத்துச் சனங்களின் தானியத்தை எரிக்கச் சொல்லி அரசன் கட்டளையிட்டிருந்தான், அது ஒரு காரணம். தளபதியின் மகன் ராணியிடம் பிடிபட்டிருந்தான், அது இன்னொன்று. எதற்காகத் திறந்தார் என்று புத்தகம் சொல்லவே இல்லை. அந்த இடத்தை வாசித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். யாருக்காவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று அம்மா. மற்றது முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ் ஏறி, புதுக்குடியிருப்பில் இறங்கி, பனையோலைக் கடகத்தில் கருவாடு சுமந்து வரும் அக்கா. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவா கருவாட்டக்காதான். எங்கள் மாமர நிழலில் கடகத்தை இறக்கினால், தேத்தண்ணி குடித்து, கதையில் ஒரு துண்டு கேட்டுவிட்டுத்தான் எழும்புவா. ஐயா, அதுதான் என் அப்பா, கொஞ்சம் தள்ளிச் சாய்மனைக் கதிரையில் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு கிடப்பார். நித்திரை என்று பெயர்.

கதவு திறக்கிற இடத்துக்கு வந்தேன்.

"விடியப்புறம். தளபதி கோட்டைக் கதவடிக்கு வந்தான். தன்ரை கையாலையே தாழ்ப்பாளை எடுத்தான்."

"நில்லடி பிள்ளை," என்றா கருவாட்டக்கா. "போன முறை முழுக்க வந்தார், சண்டை பிடிச்சார் எண்டாய். இண்டைக்கென்ன வந்தான்?"

"கதவைத் திறந்து விட்டிட்டான் அக்கா. துரோகமெல்லே!"

"அது நீ இனித்தானே சொல்லப்போறாய்? கதவடிக்கு வரேக்கையே அவன் எண்டிட்டாய். எனக்குக் கதை விளங்கிப்போச்சு. இனி என்னத்துக்கு இருந்து கேக்கிறது? புத்தகத்திலை எப்பிடிப் போட்டிருக்கு?"

"ஹி எண்டு."

"அதென்ன, அவரோ அவனோ?"

"ரெண்டும்தான்."

"வெள்ளைக்காரனுக்கு மரியாதை தெரியாதெண்டு என்ரை அப்பு சொன்னது சரிதான்," என்று சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினா. "தங்கச்சி, நீ சொல்லு. அவரோ, அவனோ?"

அம்மா சுளகில் செத்தல் மிளகாய்க்குக் காம்பு நுள்ளிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை. "அவருக்கு என்ன நெருக்கடியோ. பிள்ளை அங்கை பிடிபட்டெல்லே நிக்குது," என்றா.

பேப்பருக்குக் கீழிருந்து ஐயாவின் குரல் வந்தது: "ஓமோம். அவர் பெரிய தளபதி. நல்லாச் சாப்பிட்டிட்டுப் போய்க் கதவு திறப்பார்."

கருவாட்டக்கா கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்தா. "வெயில் ஏறுது, வாறன்," என்று போய்விட்டா. ஐயா சொன்னது எந்தத் தளபதியை என்று அவாவுக்கும் தெரியும்.

அது என் மாமா. அம்மாவின் ஒரே அண்ணன். யாழ்ப்பாணத்திலிருந்து ஐயாவோடு ஒன்றாக வந்து, ஒன்றாகக் காடு வெட்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காணி எடுத்தவர். இரண்டு காணிகளும் வாய்க்காலின் தலைப்பில், குளத்துக்குக் கிட்ட இருந்தன. அந்தக் கோடைச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் மட்டுமட்டு. முதலில் யாருக்கு விடுவது என்று குளக்கட்டில் கூட்டம் வைத்தார்கள். தலைப்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் தங்களுக்கே முதல் தண்ணீர் என்று ஒரே சொல்லில் நிற்பதென்று ஐயா பேசி வைத்திருந்தார். மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு "ஓம்" என்று சொல்லிப் போனவர், கூட்டத்தில் எழும்பி, வாய்க்காலின் கடைசிக் காணிக்காரருக்குக் கை தூக்கிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் தூக்கினார்கள். தண்ணீர் கடைசிக்குப் போயிற்று. எங்கள் வயலில் ஒரு மூலை பதராய்ப் போனது. மாமாவின் வயலிலும்தான். பிறகு ஒரு கதை வந்தது: கடைசிக் காணிப் பக்கத்தில்தான் மாமா தன் மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறாராம்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஐயா மாமாவைச் சொல்லும்போதெல்லாம் 'அவர்', 'பெரிய மனிசர்'. அந்த 'அர்' கத்தி மாதிரி இறங்கும். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. மருமகளின், அதுதான் அண்ணன் மகளின், கலியாணத்தில் மாமியாக, சகோதரியாகப் போய் நிற்க வேண்டும். அதை அவா சொன்னதே இல்லை. என் மச்சாளான அந்தப் பெண்ணுக்கென்று வாங்கி வைத்த சட்டைத்துணியை அலுமாரியிலிருந்து எடுத்து மடிப்பா, திரும்ப வைப்பா. அவ்வளவுதான்.

எனக்கோ தளபதிதான் பெரிய பிரச்சினை. விகுதியே இல்லாமல் சொல்லிப் பார்ப்போம் என்று அடுத்த முறை தொடங்கினேன். "தளபதியின் வருகை. தாழ்ப்பாள் எடுபட்டது. கதவு திறபட்டது."

"என்னடி, தந்தி வாசிக்கிறியோ?" என்றா கருவாட்டக்கா. "ஆர் செத்தது?"

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நான் ஒரு கிழமையாகத் திண்டாடுகிற இந்த வித்தையை அம்மா மாதக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறா. "அங்காலை மாடு அவிட்டுக்கொண்டு நிக்குது." "அங்காலை கலியாணம் சரிவந்திட்டுதாம்." 'அண்ணை' என்று தொடங்கினால் 'சொன்னார்' என்று முடிக்க வேண்டும், அது ஐயாவின் முகத்துக்கு முன்னால் முடியாது. 'சொன்னான்' என்று சொல்ல அவாவின் நாக்கு வளையாது. அதனால் அண்ணனைத் தூக்கி 'அங்காலை' என்று ஒரு திசையாக்கி வைத்திருந்தா.

சும்மா இருக்க முடியுமா எனக்கு! யோசித்து யோசித்து ஒரு நாள் துள்ளி எழும்பினேன். நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறதே! கிட்ட நிற்பவன் இவன், எட்ட நிற்பவன் அவன், இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் உவன். இந்தியாக்காரர் தொலைத்துவிட்டார்கள், நாங்கள் வாயில் வைத்திருக்கிறோம். இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நிற்கிற தளபதிக்கு இதைவிட என்ன வேண்டும்?

"உவன் கதவைத் திறந்தான்!" என்றேன் வெற்றியோடு.

கருவாட்டக்கா சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினா. "உவன் எண்டால் கண்ணுக்குத் தெரியிற தூரத்திலை நிக்க வேணும் பிள்ளை. எங்கை, காட்டு பாப்பம்?"

நான் யோசிக்காமல் கையை நீட்டினேன். கை போன இடத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மாமா வேலி கட்டிக்கொண்டு நின்றார். கையை மடக்குவதற்குள் அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டா. கனநேரம் பார்த்தா.

"நரைச்சுப் போச்சு," என்றா.

யாருக்கு என்றில்லை. அவர் இல்லை, அவன் இல்லை. மிளகாய்க் காம்பை நுள்ளத் தொடங்கினா. கருவாட்டக்கா அன்று கதையின் மிச்சத்தைக் கேட்கவே இல்லை.

கொஞ்ச நாளில் கலியாணம் சொல்ல மாமாவும் மாமியும் வந்தார்கள். வெற்றிலைத் தட்டத்தோடு வேலிப் படலையடியில் நின்றார்கள். உள்ளே வரவில்லை.

"ஆர் படலையடியிலை?" என்று ஐயா கதிரையிலிருந்து கேட்டார்.

சோதனையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி எதிர்பார்த்திருந்த எனக்கு, வந்திருக்கிறாரா வந்திருக்கிறானா என்று முடிக்கத் தெரியவில்லை. அம்மா ஈரக் கையோடு குசினியிலிருந்து வெளியே வந்தா.

"அண்ணை வந்திருக்கிறார்," என்றா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

ஐயா பேப்பரை மடித்தார். இன்னொரு முறை மடித்தார்.

"வாறவன் வாறதுதானே. உவன் ஏன் படலையிலை நிண்டு கூத்துக் காட்டுறான்?"

 இவ்வளவு நாளும் குத்தலாகவாவது 'அவர்' என்றிருந்தார். இன்றைக்கு அதுவும் போயிற்று, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவைப் பார்த்தால், அவா கதவுநிலையில் சாய்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறா! ஐயாவும் மாமாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் என்பதும், அம்மாவைக் கட்டுவதற்கு முன்பே 'டா' போட்டுத் திரிந்தவர்கள் என்பதும் எனக்கு அந்த நேரம் நினைவில் வரவில்லை. ஐயா கோபித்தது 'அவர்' என்றபோதுதான். விகுதியை வைத்து நான் கட்டியிருந்த கோட்டை முழுக்கத் தலைகீழ்.

மாமா வந்து கதிரையில் இருந்தார். ஐயா தட்டத்தைத் தொடவில்லை.

"ஓம் எண்டிட்டு ஏனடா கை தூக்கினாய்?"

"உன்ரை வயல் எப்பிடியும் தப்பும் எண்டு தெரியும். அவையின்ரை முழுக்கக் காய்ஞ்சிருக்கும்."

"மோளைக் குடுக்கத்தானே தூக்கினனீ?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "அதுவும்தான்," என்றார்.

 அந்தத் தடித்த புத்தகம் முழுவதிலும் தளபதி இப்படி ஒரு சொல் சொல்லவில்லை. அவரைக் கேட்கிறவர்களெல்லாம் ஒன்று நியாயமா என்று கேட்டார்கள், அல்லது மகனா என்று கேட்டார்கள். 'அதுவும்தான்' என்று சொல்ல அவருக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

"முதலே சொல்லியிருக்கலாம்," என்றார் ஐயா.

"சொல்லியிருந்தா நீ என்னை மரத்தோடை கட்டி வைச்சிட்டெல்லே கூட்டத்துக்குப் போயிருப்பாய்."

"கட்டித்தான் இருப்பன். நான் கலியாணத்துக்கு வாறனோ தெரியாது."

"உன்னை ஆர் கேட்டது? என்ரை தங்கச்சியை அனுப்பு."

 ஐயா ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். அது சம்மதமா இல்லையா என்று எங்களுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கும் விளங்கவில்லை என்பது அவாவின் முகத்தில் தெரிந்தது.

மாமா வீட்டில் கலியாணப் பலகாரம் சுடுகிற நாள் வந்தது. அம்மா விடியவே தலை தோய்ந்து, யாரிடமும் கேட்காமல், எங்கள் எண்ணெய்த் தாச்சியை எடுத்துத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினா. நான் சட்டைத்துணிப் பொதியோடு பின்னால் போனேன். ஐயா படலையடியில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கடக்கும்போது நடை தளர்ந்தது. நிற்பாவோ என்று பார்த்தேன்.

ஐயா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"உது காணாது. பரணிலை கிடக்கிற பெரிய தாச்சியைக் கொண்டு போ. அவன்ரை வீட்டிலை ஒழுங்கான சாமான் ஒண்டும் இராது."