ஃபேக்ஸ் பேப்பர் தீர்ந்துபோன அரைமணி நேரம்

ஃபேக்ஸ் பேப்பர் தீர்ந்துவிட்டதென்று ஆபரேட்டர் அண்ணன் அன்று ஏன் பொய் சொன்னார்? ஏழு வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்போது பெங்களூரில் விமான இன்ஜின்களைச் சோதிக்கும் கூடத்தில் எனக்குக் கணக்குப் போடும் வேலை. மகளுக்கு எட்டு மாதம். இது மேட்டு ஊர், காற்று லேசு. இன்ஜின் குடிக்கும் எரிபொருளும் அதற்கேற்பக் குறையும். அதனால் அளந்ததை அப்படியே எழுத மாட்டோம். அன்றைய காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்து, கடல்மட்டத்தில் பதினைந்து டிகிரியில் ஓடியிருந்தால் எவ்வளவு குடித்திருக்கும் என்று மாற்றி எழுதுவோம்.

அன்று எங்கள் பாரோமீட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. விமானதளத்து வானிலை அறைக்குப் போன் செய்து அழுத்தத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பெருக்கல் வகுத்தலை மூன்று முறை சரிபார்த்தேன். என் சுபாவம் அது. இன்ஜின் வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகக் குடித்திருந்தது! எரிபொருளைத் தெளிக்க புதிதாக மாட்டிய நாசிலின் மகிமை என்று மேலாளர் பூரித்துப்போய் மைசூர்பாகு வரவழைத்தார்.

"என்ன மேடம், இன்ஜின் ஏகாதசி விரதமா?" என்றார் அண்ணன். பெங்களூரிலேயே ஜோகுபாளையத்துத் தமிழர், வாய் ஓயாதவர்.

இரண்டாவது துண்டைக் கடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வானிலை அறையில் சொன்னது, விமானிகளுக்காக ஏற்கெனவே கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். பெங்களூர்க் காற்றைக் கடலோர மெட்ராஸ் காற்றாக எழுதிவிட்டேன்; மேட்டுக் காற்றுக்காகக் கூட்ட வேண்டியது கூடவே இல்லை. மேலாளரோ தலைமையகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லி அண்ணனிடம் தாளை நீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"பேப்பர் தீந்துடுச்சு சார். ஸ்டோர்ல இருந்து வரணும், அரை ஹவர் ஆகும்."

வேலை போனால் போகட்டும் என்று எழுந்து போய்ச் சொல்ல எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. மேலாளர் கன்னடக்காரர். தாளையும் காலித் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அய்யோ ராமா, ஸ்வீட் தின்னாச்சே! இனி வாபஸ் வராதம்மா. இன்ஜின் பாஸா ஃபெயிலா, அத சொல்லு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். இங்குள்ள நிஜ அழுத்தத்தைக் கேட்டு மறுபடி போட்டேன். பாஸ்தான், எல்லா இன்ஜினையும்போல. அண்ணன் இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத பேப்பர் சுருளை எடுத்து நிதானமாக மாட்டினார். பிறகொரு நாள் கேட்டதற்கு, "எந்தப் பேப்பர் மேடம்?" என்றார்.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு. கணக்குத் தாளில் ஆசிரியை பத்து மதிப்பெண் கூடுதலாகக் கூட்டிவிட்டார். அவளுக்கும் அது தெரியும். விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தேன். திங்கட்கிழமை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நானே எடுத்துச் சொல்லட்டுமா, அவளாகச் சொல்லக் காத்திருக்கட்டுமா? காத்திருந்தும் அவள் சொல்லாவிட்டால்? பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.