பல்லில் கடிபட்ட டால்க்

சேலம் பக்கத்துல ஒரு டால்க் மில்லுல மூணு வருஷம் வேலை பார்த்தேன். கெமிஸ்ட்ரி படிச்சு முடிச்சதும் கிடைச்ச முதல் வேலை. மாக்கல்லை அரைச்சு மாவாக்குற மில் அது. நான் சேர்ந்த புதுசுல குவாரியில கடப்பாரையாலதான் கல்லைப் பேர்த்தாங்க. மூணாவது வருஷம் பொக்லைன் வந்துச்சு, கல்லு மலை மலையா குவிஞ்சது. அதை மில்லுல கூலிக்கு வர்ற அக்காங்க வெயில்ல உக்காந்து தரம் பிரிப்பாங்க. வெள்ளை வெளேர்னு இருந்தா முகப் பவுடருக்கு, மங்கலா இருந்தா பெயின்ட்டுக்கு, அதுக்கும் கீழேன்னா பூச்சிமருந்துக்கு. நல்ல பாளமா வந்தா கல்சட்டி கடையறவங்க எடுத்துப்பாங்க. துண்டு துணுக்கெல்லாம் சிலேட்டுப் பல்பமாகும்.

அந்த இடத்தை நினைச்சா இப்பவும் ஏக்கமா இருக்கு, என்ன பண்ணச் சொல்றீங்க! சாயங்காலம் தலையிலேர்ந்து கால்வரைக்கும் வெள்ளையா நிப்போம். "சம்பளமும் குடுத்து, பவுடரும் பூசி அனுப்புறாரே முதலாளி, எவ்வளவு தங்கமான மனசு!"ன்னு மூட்டை தைக்கிற அக்கா சொல்லுவாங்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். லேப்னு பேருக்கு ஒரு சல்லடை, ஒரு தராசு. அதையெல்லாம் விட என் முன்பல்லுக்குத்தான் மரியாதை. ஒரு சிட்டிகை எடுத்துக் கடிச்சுப் பார்ப்பேன். வழுக்கினா நல்ல சரக்கு, நறநறன்னா மணல். நான் தலையாட்டினாத்தான் மூட்டையைத் தைப்பாங்க.

இப்போ மெல்போர்ன்ல ஒரு பெயின்ட் ஃபேக்டரி லேப்ல இருக்கேன். சேர்ந்து ஆறு மாசம் ப்ரொபேஷன். அது முடிய ரெண்டு வாரம் இருக்கும்போது மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கத்து டால்க் வந்துச்சு. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, நாங்க இருந்த கிளென் வேவர்லி வீட்டு வாடகை என் சம்பளத்துலதான். மூட்டையைப் பிரிச்சுத் தொட்டேன். அதே வழவழப்பு! கை தானா வாய்க்குப் போயிடுச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர். ஓடி வந்து என்னைத் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாதுங்கறது முதல் விதி, வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். "நல்ல டால்க்தான் சார், கொஞ்சம்கூட மணலே இல்லை"ன்னு வேற சொல்லி வெச்சேன், புத்தி கெட்டவ.

பழைய மில்லைப் பத்திக் கேட்டார். சொன்னேன்.

"மூணு வருஷம் மாஸ்க்கே இல்லாமலா?"

"முந்தானையால மூக்கைப் பொத்திப்போம்."

அவர் முகத்தைச் சுளிச்சார். "வேலைக்கு ஒண்ணும் ஆகாது. முதல்ல நெஞ்சு எக்ஸ்ரே எடுங்க, கம்பெனி செலவு"ன்னார். எனக்குக் கோபம்தான் வந்துச்சு. எங்க மில்லைப் பத்தி இவர் யார் முகத்தைச் சுளிக்கிறதுக்கு?

எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னு டாக்டர் சொன்னார். வேலையும் நிலைச்சுது. சந்தோஷப்பட வேண்டியவ, திரும்பி வர்ற ட்ரெயின்ல அழுதுட்டே வந்தேன். எனக்கு மூணே வருஷம். அக்காங்க பதினஞ்சு, இருபது வருஷமா அங்கேயே இருந்தாங்க, ஒருத்தருக்குக்கூட இப்படி எக்ஸ்ரே எடுத்ததில்லை. பவுடர் எவ்வளவு நைஸா இருக்குன்னு தினமும் பார்த்துச் சொன்னவ நான். அவ்வளவு நைஸான தூசி அவங்க நெஞ்சுக்குள்ள போகுமேன்னு, கெமிஸ்ட்ரி படிச்ச எனக்கு ஒரு நாள்கூடத் தோணலையே.