சென்னைக்குப் போக மறுத்தவர்

போன மாதம் ஒரு காலை கொக்குவிலிலிருந்து அழைப்பு வந்தது. "தில்லையம்பலம் அண்ணை விடியப்புறம் தவறிட்டார்." "எத்தினை மணிக்கு?" என்று கேட்டேன். அழ வேண்டிய வேளையில் மணி கேட்டது அவரிடமிருந்து தொற்றிய பழக்கம்.

கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. ஒருமுறை நான்கு நிமிடம் பிந்தியதற்கு, வரவு இடாப்பில் தன் பெயருக்கு நேரே தானே சிவப்புக் கோடு போட்டார். மேலதிகாரி அன்று வரவேயில்லை என்றேன். "அவர்தான் லீவு. நேரம் லீவிலை இல்லையே" என்றார்.

ஓய்வுபெற்றபின் மகள் கௌரியோடு கதைப்பதற்கு ஒரு பழைய கணினி வைத்திருந்தார். அதன் மணிக்கூடு எப்போதும் அரை மணி முந்தி நிற்கும். நம் நாட்டு நேரத்தை ஒருகாலத்தில் முன்தள்ளிவைத்துப் பிறகு பழையபடி ஆக்கினார்கள் அல்லவா? அந்த இரண்டாம் மாற்றம் கணினிக்குத் தெரியாது. கையால் திருத்தினாலும் இணையத்தில் சேர்ந்ததும் மறுபடி முந்தும். கணினியில் இடம் இலங்கை என்றிருப்பதைச் சென்னை என்று மாற்றினால் தீர்ந்தது.

"தம்பி, நான் இருக்கிறது கொக்குவிலிலை. சென்னையிலை இருக்கிறன் எண்டு உந்தப் பெட்டிக்குப் பொய் சொல்லேலாது."

"பெட்டிக்கு என்ன தெரியும் அண்ணை?"

"எனக்குத் தெரியுமே."

அதன்பின் மணிக்கூட்டைப் பார்த்து, மனதில் அரை மணியைக் கழித்துக்கொள்வார். வீட்டில் வேறு மணிக்கூடும் வைக்கவில்லை.

கௌரியின் கலியாணம் கனடாவில். அண்ணைக்கு விசா கிடைக்கவில்லை. எங்கள் நேரம் மாலை ஏழரைக்குத் தாலிகட்டு, கணினியில்தான் பார்க்க வேண்டும். அன்று பிற்பகல் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, நல்லது செய்வதாக நினைத்து, அவருக்குச் சொல்லாமல் கணினியில் அவரைச் சென்னைக்கு அனுப்பினேன். மணிக்கூடு முதன்முறையாகச் சரியான நேரம் காட்டியது.

சைக்கிளுக்குக் காற்றுப் போனதால் நான் பிந்தித்தான் போனேன். அண்ணை கிணற்றடியில் ஆறுதலாகக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, வாழ்த்தித் தூவும் அறுகரிசித் தட்டோடு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கூட்டில் ஏழு ஐம்பது.

"வா, இன்னும் பத்து நிமிசம் கிடக்கு" என்றார்.

வழக்கம்போல அரை மணியைக் கழித்துவிட்டார். திரையைத் திறந்தால், சனம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறது. கழுத்தில் தாலியோடு கௌரி அழுகிறாள். "எங்கை அப்பா போனனீங்கள்? எத்தினை தரம் எடுத்தனாங்கள்."

அவர் அறுகரிசியைத் திரையில் தூவினார். பாதி விசைப்பலகைக்குள் போய்விட்டது. பிறகு பல மாதம் அவர் எழுதிய கடிதங்களில் பாதி எழுத்து விழாது.

படம் அணைந்ததும் என்னைப் பார்த்தார். "என்னை ஆர் சென்னைக்குக் கொண்டுபோனது?"

"நான்தான் அண்ணை."

இலங்கைக்குத் திரும்ப மாற்றினார். "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்றார். அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்து, செத்தவீட்டுக்கு வந்திருந்த கௌரியிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அவள் முந்திக்கொண்டாள். "அண்டைக்கு மணிக்கூட்டை அப்பா தானே மாத்திப்போட்டு, மறந்துபோய் அரை மணி கழிச்சிட்டாராம், மாமா. சாகுமட்டும் என்னட்டை மன்னிப்புக் கேட்டவர்." தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பெட்டிக்குப் பொய் சொல்ல மாட்டாத மனிதர், பெற்ற மகளிடம் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய். அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன். கௌரி, அந்த மணிக்கூட்டில் கை வைத்தவன் நான்.