ஏழு முறை வழுக்கியவள்

என் மனைவிக்கு ஒழுங்காக நடக்கத் தெரியாது என்று பதினோரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் அவள் தலைமை நர்ஸ். அதற்குள் ஏழு முறை அங்கே வழுக்கி விழுந்திருந்தாள். ஒரு தடவை மணிக்கட்டு வீங்கியது, ஒரு தடவை உதடு கிழிந்தது, ஒரு தடவை ஒரு வாரம் குனிய முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நான் கடைக்கு ஓடி, அடியில் ரப்பர் பல் வைத்த செருப்பு வாங்கி வந்தேன். அவளும் வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டு போனாள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக் குளியலறையில் ஒருநாளும் வழுக்காதவள் ஆஸ்பத்திரியில் மட்டும் எப்படி வழுக்குகிறாள் என்று கேட்டிருக்க வேண்டிய ஆள். கேட்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போடாமல் ஏன் பாக்கெட்டில் சுருட்டி வைக்கிறாள் என்றும் கேட்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கதவை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவாள். "அண்ணிக்கு எப்பவும் கிளம்புறதுலயே கண்ணு" என்று என் தங்கை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"எங்க வார்டைத் துடைக்கிற அக்காவை நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தப் போறாங்க."

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் யாரோ ஊழியர்களின் காயப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். ஒரே வருஷத்தில், ஒரே பிரிவில், பத்தொன்பது பேர் வழுக்கி விழுந்திருந்தார்கள். முதலில் வழுக்காத டைல்ஸ் போட்டுப் பார்த்தார்கள். அப்புறமும் ஆட்கள் விழுந்தார்கள். அப்படியென்றால் துடைப்பவள் மேல்தான் தப்பு என்று முடிவு கட்டி, காலை பத்து மணிக்கு விசாரணை வைத்துவிட்டார்கள்.

"சரியாத் துடைக்கலைன்னா நிறுத்தத்தானே செய்வாங்க" என்றேன். என் வாய் அப்படி.

"யாரும் வழுக்கலைங்க."

"அப்ப உன் உதடு?"

"ஒருத்தன் அறைஞ்சான். அவங்க அப்பாவை முதல்ல பாக்கலையாம். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தருக்கு மூச்சே நின்னுருந்துச்சு."

"கை?"

"முறுக்கினான். அது வேற ஆளு."

"முதுகு?"

"ஸ்டூலைத் தூக்கி எறிஞ்சான் இன்னொருத்தன்."

அவள் என்னமோ சாமான் பட்டியல் ஒப்பிப்பது மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். கழுத்தில் தொங்கினால் பிடித்து இறுக்குவார்கள் என்றுதான் ஸ்டெதஸ்கோப் பாக்கெட்டுக்குப் போனதாம், சட்டென்று வெளியே ஓடத்தான் கதவோர நாற்காலியாம்.

"ஏன் மறைச்சே?"

"அடிச்சாங்கன்னு எழுதினா, நீங்க அவங்களை என்ன பேசினீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க. வழுக்கிட்டேன்னா ஒரே வரியில முடிஞ்சுரும். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கும் அப்படி எழுதச் சொல்லிக் குடுத்தது நான்தான். இப்ப அந்தக்கா வயித்துல அடிச்சிருக்கேன்."

"நான் செருப்பு வாங்கிட்டு வந்தப்பல்லாம் சிரிச்சியா?"

"ஒரு தடவை சிரிச்சேன். அப்புறம் அழுகை வந்துருச்சு."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் போய், விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அவள் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். தன்னுடைய ஏழு வரிக்குக் கீழேயும் 'வழுக்கவில்லை, அடித்தார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் பொய்யா எழுதினீங்க?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். அந்தக்காவை விட்டுருங்க."

அந்த நேரம் பார்த்து, ஒட்டுப்போட்ட மூக்குக்கண்ணாடியோடு சின்ன டாக்டர் உள்ளே நுழைந்தார். "என்னோடது நாற்பதாம் பக்கம் சார். பேனா குடுங்க, வெளிய ஒரு நெஞ்சுவலி காத்திருக்கு." அவருக்குப் பின்னால் நர்ஸுகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் வரியைத் திருத்தினார்கள். இரண்டு பேர் மட்டும் கடைசி வரை வரவில்லை. அவர்களுடைய பயம் அவர்களுக்கு.

மூலையில் நின்ற துடைக்கிற அக்காவை அதிகாரி திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியும்தானே? ஏம்மா சொல்லல?"

"ரத்தத்தைத் துடைச்சதே நான்தானே சார். சிஸ்டரே வழுக்கிட்டேன்னு சொல்றப்ப நான் என்னத்தைச் சொல்ல. இன்னொரு வாட்டி துடைச்சேன்."

என் மனைவி அதுவரை அழாமல் இருந்தாள். அதைக் கேட்டதும் உடைந்துவிட்டாள்.

அக்காவின் வேலை தப்பியது. இவளுக்கு மெமோ வந்தது. வார்டு வாசலில் ஒரு காவலாளியைப் போட்டார்கள். முதல் வாரமே அவரும் ஒரு குத்து வாங்கினார், அதைப் பதிவேட்டில் உள்ளது உள்ளபடி எழுதினார். நான் செருப்புக் கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். சாயங்காலம் கதவைத் திறந்ததும், "இன்னைக்கு யாரு?" என்று கேட்கிறேன். முக்கால்வாசி நாள் யாருமில்லை என்கிறாள். சில நாள் சொல்கிறாள்.

போன மாதம் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"யாரு?"

"யாருமில்லைங்க. சலைன் கொட்டிக் கிடந்துச்சு. சத்தியமா வழுக்கிட்டேன்."

நான் நம்பவில்லை. துடைக்கிற அக்காவுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"நிஜம்தான் சார். நான் துடைக்கிற துணியை எடுத்துட்டு வர்றேன், அதுக்குள்ள காலை வச்சுட்டாங்க. எம் முன்னாலதான் விழுந்தாங்க."

கடை மூடுவதற்குள் ஓடிப் போய் எட்டாவது ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன்.