மாமா ஓட்டிவிட்ட காட்சிகள்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. வருடத்துக்கு நாலைந்து படம், அதுவும் யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் பார்க்கிற ஆள் நான். ஆனாலும் அபிப்பிராயத்துக்குக் குறைவில்லை. ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் படங்களில் முக்கால்வாசி எனக்குச் சப்பென்று இருக்கும். இடைவேளைக்குப் பிறகு கொட்டாவி விட்டபடி, இந்த அம்மா இன்னும் எவ்வளவு நேரம் அழப்போகிறார் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். பழியை என் வளர்ப்பின்மேல்தான் போடவேண்டும். படம் என்றால் ஒன்றேகால் மணி நேரம், அதில் யாரும் சாகமாட்டார்கள், யாரும் யாரையும் தேடி அலையமாட்டார்கள் என்று என்னை நம்பவைத்து வளர்த்தவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அம்மா, அம்மாவின் அக்காவான பெரியம்மா, மாமா, ஒன்பது வயதில் நான். அப்பா சவூதியில். பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணா முறை, கனடாவில். இதைத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பா மாதம் ஒரு தடவை கீழ்வீட்டு டெலிபோனுக்கு எடுத்துக் கதைப்பார். அண்ணா எடுப்பதில்லை. எங்களோடு இருந்த நாளிலும் அவர் வாயில் கொழுக்கட்டையோடு திரிந்த பிறவிதான் என்பதால், அது எனக்கு அதிசயமாகப் படவில்லை.

மாமா கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தார். அந்தக் கடைக்கு இரண்டு கடை தள்ளி, படக் கசெட் வாடகைக்குக் கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவர் பைக்குள் ஒரு கசெட் இருக்கும். வழியில் மறிக்கிற ஆமிக்காரர்களிடம் அடையாள அட்டையோடு அதையும் எடுத்துக் காட்டி, என்ன படம், யார் நடித்தது என்று சிங்களத்தில் விளக்கவேண்டும். ஒரு தரம் ஒரு ஆமிக்காரர் அந்தப் படத்தைத் தானும் பார்த்ததாகவும், சண்டை நல்லது, பாட்டுத்தான் கூடிப்போச்சு என்றும் அபிப்பிராயம் சொல்லி அனுப்பினாராம். அந்த அபிப்பிராயம் சரியென்று மாமா படத்தைப் பார்த்தபின் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, மாமா முழுப் படத்தையும் தனியே பார்ப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்து நாங்கள் பாயில் வந்து உட்கார்ந்ததும் ரிமோட் அவர் கையில் இருக்கும். படம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று, இது தேவையில்லாத சீன் என்று ஒரு அழுத்து. திரையில் கோடு கோடாக ஆட்கள் விழுந்தடித்து ஓடுவார்கள். கூட்டாளிகளின் வீடுகளில் கட்டிப்பிடிக்கிற காட்சிகளைத்தான் ஓட்டுவார்கள். எங்கள் வீட்டில் அவற்றை ஒருவரும் தொடுவதில்லை, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். மாமாவின் கத்தரி வேறு இடத்தில் வெட்டும். போலீஸ் ஜீப் வந்தால் ஓட்டுவார். ஆஸ்பத்திரி வந்தால் ஓட்டுவார். ஒரு தாய் வாசலில் நின்று தெருவைப் பார்த்தாலே அவர் பெருவிரல் அசையத் தொடங்கிவிடும்.

இதனால் எங்கள் வீட்டுப் படங்களில் பல அதிசயங்கள் நடந்தன. முதற்பாதியில் கூட்டாளியின் தோளில் கைபோட்டுக்கொண்டு பாட்டுப் பாடியவன், இரண்டாம் பாதியில் இருக்கமாட்டான். அதற்குப் பிறகு அவன் பெயரையே ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அவன் எங்கே என்று நான் கேட்டால், மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்:

“அவன் வெளிநாட்டுக்குப் போட்டான், பிள்ளை.”

எனக்கு அது போதும். எங்கள் ஒழுங்கையிலும் அதுதானே நடந்துகொண்டிருந்தது. போன கிழமை கீழ்ப்படியில் உட்கார்ந்து சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்த அக்காவை இந்தக் கிழமை காணோம். கேட்டால் லண்டன், சுவிஸ், கனடா. எங்கள் ஒழுங்கைக்குக் கிடைக்கிற விசா படத்திலுள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்காதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். மாமா சனிக்கிழமைக்கு ஒரு பூசணிக்காய் மறைத்தார், நான் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன்.

இந்த ஓட்டமெல்லாம் பெரியம்மாவுக்காக. அந்த நாட்களில் அவர் அறையைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. அதற்கு முந்திய மாதங்களில், கையில் குடையும் ஒரு பையுமாக, மாமாவோடு நாள்தோறும் எங்கேயோ போய்வந்தார். மகனிடம் போவதற்குப் பாஸ்போர்ட் அலுவல் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் போக்குவரத்து நின்றது. சாப்பாடு குறைந்தது, கதை குறைந்தது. சனிக்கிழமைப் படத்துக்கு மட்டும் எழுந்து வந்து சுவரோடு சாய்ந்து உட்காருவார். நல்ல முசுப்பாத்தி வந்தால் ஒரு தடவையாவது சிரிப்பார். அவர் சிரித்தால் அது நல்ல படம், சிரிக்காவிட்டால் கூடாத படம். எங்கள் வீட்டில் வேறு அளவுகோல் இருக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு தரம் மாமா அசந்துபோய், ஒரு செத்தவீட்டுக் காட்சியை ஓடவிட்டுவிட்டார். எழுந்து அறைக்குள் போன பெரியம்மா அடுத்த இரண்டு மூன்று சனிக்கிழமையும் வெளியே வரவில்லை. சோற்றுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டு மாமா கெஞ்சிக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. காலையில் தனியே பார்த்துவைக்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

எனக்கு வினை பள்ளிக்கூடத்தில் வந்தது. நாங்கள் வீட்டில் பார்த்த ஒரு படத்தை என் வகுப்புத் தோழி தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து, கதாநாயகனின் தங்கை புருஷன் சாகிற இடத்தில் தான் அழுத அழுகையைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அவன் சாகவில்லை, கனடாவுக்குப் போனான் என்று நான் அடித்துச் சொன்னேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன் எப்படிக் கனடாவுக்குப் போவான் என்று அவள் கேட்டாள். ஏஜென்சிக்காரன் அனுப்பியிருப்பான் என்றேன். வகுப்பே சிரித்தது. இரண்டு நாள் என்னைக் கனடா என்று கூப்பிட்டார்கள். ஒரு படத்தையாவது தொடக்கம் முதல் கடைசி வரை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது அன்றைக்குத்தான்.

அதற்கு வழி தானாகவே வந்தது. ஒரு சனிக்கிழமை, துறைமுகத்திலிருந்து லொறி வருகிறது என்று கடையில் மாமாவைக் காலையிலேயே வரச்சொல்லிவிட்டார்கள். முதல் நாள் கொண்டுவந்த கசெட்டை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. மத்தியானம் வந்துவிடுவேன், அதுவரைக்கும் போடவேண்டாம் என்று அம்மாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் போய், பின்னேரம் மூன்று மணியும் ஆயிற்று. மாமாவைக் காணவில்லை. கோட்டைப் பக்கம் பஸ்களை மறித்து ஆட்களை இறக்குகிறார்களாம் என்று கீழ்வீட்டில் கதை வந்தது. அம்மா பல்கனிக்கும் குசினிக்கும் நடந்தபடி இருந்தார். பெரியம்மா தன் வழமையான இடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“படத்தைப் போடு பிள்ளை,” என்றார் பெரியம்மா.

தம்பி வரட்டுமே என்று அம்மா இழுத்தார்.

“சும்மா இருந்தா யோசினைதான் வரும். போடு.”

ரிமோட் முதல்முதலாக என் கைக்கு வந்தது. ஒரு விதவைத் தாய், அவருக்கு இரண்டு பிள்ளைகள். நல்ல பாட்டு, நல்ல முசுப்பாத்தி. பெரியம்மா ஒரு தடவை சிரித்தும்விட்டார். நல்ல படம் என்று நான் முடிவுகட்டிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. இளைய மகனை ஏற்றிக்கொண்டு போனது. அம்மா பதறி, ஓட்டு, ஓட்டு என்று என் கையிலிருந்த ரிமோட்டைப் பறிக்க வந்தார்.

“விடு. போகட்டும்,” என்றார் பெரியம்மா.

போயிற்று. அந்தத் தாய் சோற்றுப் பொட்டலத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். தாய் உட்கார்ந்து, மகனின் நிறம், உயரம், போட்டிருந்த சேர்ட் எல்லாம் சொல்லி அழுதார். பிறகு இன்னொரு இடம், இன்னொரு கதிரை. கடைசியில் மகன் வெள்ளைத் துணிக்குள் வீட்டுக்கு வந்தான். நான் பெரியம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. பாட்டு முடிந்து, எழுத்துகள் எல்லாம் ஓடி, திரை கறுத்தது. பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

“அந்தத் தாய்க்குப் போன இடத்தில எல்லாம் கதிரை குடுத்திருக்கினம்.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு பெரிய படத்தில் இவருக்குக் கதிரைதானா தெரிந்தது என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா வந்தார். பஸ்ஸிலிருந்து இறக்கி, அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தி விசாரித்துவிட்டு விட்டார்களாம். சேர்ட் தோளோடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் குடிப்பதற்கு முன்னரே அவர் கண் டிவிக்கு மேல் இருந்த வெறும் கசெட் பெட்டியில் விழுந்தது. முகம் வெளிறிப்போனது. மூன்று மணி நேரம் போலீஸோடு நின்றவர், அதைப் பார்த்துத்தான் பயந்தார்.

“படம் பாத்தனீங்களோ?”

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் பெரியம்மா முந்திக்கொண்டார்.

“ஓம் தம்பி. பரவாயில்லை. கொஞ்சம் இழுவை. நீ இருந்திருந்தா ஓட்டியிருப்பாய்.”

“முழுக்கப் பாத்தீங்களோ, அக்கா?”

“எங்க? இடையில நான் கண்ணயந்து போனன். நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்திடு, வச்சிருந்து பாக்கிற அளவுக்கு ஒண்டுமில்லை.”

மாமாவின் தோள் இறங்கியது. அப்பாடா என்று பாயில் உட்கார்ந்து, அடுத்த கிழமை நல்ல முசுப்பாத்திப் படமாக எடுத்துவருகிறேன் என்றார். பெரியம்மா எழுந்து குசினிக்குப் போய், பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தன் கையால் சோறு போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே இருந்தார். அடுத்த சனிக்கிழமை மாமா ரிமோட்டை எடுத்தார், ஓட்டினார், பெரியம்மா ஒன்றும் தெரியாதவர்போல் சுவரில் சாய்ந்து பார்த்தார். தாங்கள் செய்வது மற்றவருக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டு ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் நான் வளர்ந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கொடுப்பினை எனக்கு வேறு தெரியவில்லை. பிற்காலத்தில் அந்தப் படங்களில் சிலதை முழுமையாகப் பார்த்தேன். ஒன்றுகூட மாமாவின் படத்துக்குக் கிட்ட வரவில்லை.

அன்றைக்கு எனக்கு விளங்கியது வேறு. கண்ணிமைக்காமல் பார்த்த பெரியம்மா நித்திரை என்று பொய் சொன்னார். மாமாவும் பொய்க்காரர், படத்தில் காணாமற்போகிறவர்கள் ஒருவரும் வெளிநாட்டுக்குப் போவதில்லை, தோழி சொன்னதுதான் சரி. திங்கட்கிழமை அவளிடம் தோல்வியை ஒப்புக்கொள்ளவேண்டுமே என்ற ஒரே கவலைதான் எனக்கு. படத்துக்கு வெளியே இருந்த ஒருவரையும் அதே வாயால் மாமாதான் வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தார் என்பது என் மரமண்டைக்கு எட்ட இன்னும் பல வருடங்கள் பிடித்தன. அதற்காக நான் அவரோடு கோபித்ததில்லை. அவர் தயவில், அத்தனை வருடமும் எனக்குக் கனடாவில் ஒரு அண்ணா இருந்தார்.