வீட்டு வரி ரசீதோடு ஒரு பாராட்டு விழா

போன வாரம் ஒரு பாராட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கப் போயிருந்தேன். மேடை, மைக், பொன்னாடை... எனக்குப் பிடித்த மூன்றும் ஒரே இடத்தில். வேண்டாம் என்பேனா?

எங்கள் தூத்துக்குடியில் ஒரு வியாபாரிகள் சங்கம், வக்கீல் ஜெசிந்தாவுக்கு எடுத்த விழா அது. அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் – வக்கீல் வைக்க வசதியில்லாமல் விசாரணைக் கைதியாக உள்ளே கிடப்பவர்களுக்காக வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறுகிறவர். லாக்கப்பில் யாருக்காவது அடி விழுந்தது என்றால் வீட்டுக்காரர்கள் முதலில் இவருக்குத்தான் போன் போடுவார்கள். சில ஸ்டேஷன்களில் இவர் பெயரைச் சொன்னால் டீ ஆறிவிடும்.

விழாவுக்கு முந்தின நாள் சங்கத் தலைவர் பொன்ராஜ் அண்ணாச்சி கூப்பிட்டார். ஹார்டுவேர் கடைக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"வரும்போது ஆதார் கார்டு, வீட்டு வரி ரசீது, ரெண்டு போட்டோ கொண்டாந்துருங்க. ஒரிஜினல் வேணுமாம்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"தெரியலை. மேடையில உக்காருதவிய எல்லாரும் கொண்டாரணும்னு வக்கீலம்மா சொல்லிட்டாவ. அப்பதான் விழாவுக்கே வருவேன்னுட்டாவ."

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பெரிய புள்ளி யாராவது வருகிறாரோ, அதற்கான போலீஸ் பாதுகாப்பு ஏற்பாடோ? இல்லை, எனக்கும் ஒரு சர்ப்ரைஸ் விருதோ? வீட்டு வரி ரசீது வரைக்கும் கேட்கிறார்களே, விருது கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்... ஆசை யாரை விட்டது?

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு விழா. கோர்ட் நடக்கிற நாளில் வக்கீலுக்கு விழா வைக்க எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். கேட்டால், மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்ததாம்.

முதலில் பேசியவர் ஜெசிந்தாவை 'நீதியின் கலங்கரை விளக்கம்' என்றார். துறைமுக ஊர் இல்லையா? யாரைப் பாராட்டினாலும் கலங்கரை விளக்கம் ஆக்கிவிடுவோம். அடுத்தவர் 'ஏழைகளின் ஏணி' என்றார். நான் என் பங்குக்கு, 'மனசாட்சி உள்ளவர்கள் எல்லோரும் இவர் பின்னால் நிற்க வேண்டும்' என்று குரலை உயர்த்தி முடித்தேன். நல்ல கைதட்டல். அடுக்கடுக்காகப் பொன்னாடை போட்டதில் அந்த அம்மாவின் முகம் பாதி மறைந்துவிட்டது. நடுநடுவே கையை வெளியே நீட்டி வாட்சைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அவருடைய ஏற்புரை.

"எல்லாருக்கும் நன்றி. ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன். கீழவைப்பார்ல அந்தோணின்னு ஒருத்தர். மீன்பிடி வள்ளத்து மோட்டாரைத் திருடிட்டார்னு கேஸு. திருடுனாரா இல்லையான்னு கோர்ட்டு சொல்லட்டும். ஆனா ஜாமீன் குடுத்து ஒம்பது நாளாச்சு, இன்னும் உள்ளதான் இருக்கார். ஏன்னா ஜாமீன் நிக்க ரெண்டு ஆளு இல்ல. சொந்தக்காரங்க எல்லாரும் கடக்கரையில பட்டா இல்லாத வீட்டுல இருக்காவ. வரி ரசீது கெடையாது."

வாட்சை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஞாயித்துக்கெழமை அவர் மகளுக்குப் புதுநன்மை. இன்னைக்கு விட்டா திங்கக்கெழமைதான் கோர்ட்டு. மேடையில ஏழு பேர் இருக்கிய. எல்லார் கையிலயும் பேப்பர் இருக்கு. ரெண்டு பேர் போதும்."

புதுநன்மை என்றால் கடற்கரைக் கத்தோலிக்கர் வீடுகளில் சும்மா இல்லை. பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, பக்கத்தில் அப்பா, அம்மா. அந்த அப்பா ஒரு ரசீது இல்லாததால் உள்ளே இருக்கிறார்.

மேடையைத் திரும்பிப் பார்த்தேன். கலங்கரை விளக்கம் என்றவருக்கு, சைலண்டில் கிடந்த போனில் திடீரென்று அழைப்பு வந்துவிட்டது. 'ஹலோ ஹலோ' என்றபடி இறங்கிப் போனார். ஏணி என்றவர், வீடு மனைவி பெயரில் இருப்பதாக வருத்தப்பட்டார். இன்னொருவர் ரசீதை மறந்துவிட்டு வந்தேன் என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து ரசீது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? என் ரசீதைத் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். பயம்தான். முகம் தெரியாத ஆள். ஓடிப் போய்விட்டால்? என் பெயரைக் கோர்ட்டில் கூப்பிட்டால்? சத்தியமாகச் சொல்லுங்கள்... நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

பொன்ராஜ் அண்ணாச்சி எழுந்தார். "நான் நிக்கேன் வக்கீலம்மா." அதோடு உட்கார வேண்டியதுதானே? என் பக்கம் கையை நீட்டினார். "இவியளும் நிப்பாவ. பின்னால நிக்கணும்னு இப்பதானே பேசுனாவ."

மண்டபமே கைதட்டியது. என் வாழ்நாளில் எனக்கு விழுந்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான். துளிகூட ரசிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா என்று யோசித்தேன். விஷயம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

மதியம் கோர்ட். மாஜிஸ்திரேட் எங்கள் பேப்பர்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "அந்தோணியை உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"

ஜெசிந்தாவைப் பார்த்தேன். 'உள்ளதைச் சொல்லுங்கள்' என்பதுபோல் தலையசைத்தார். "இன்னைக்குக் காலையில இருந்துதான் ஐயா. அதுவும் பேர் மட்டும்தான்" என்றேன்.

"பிறகு எதை நம்பி ஜாமீன் நிற்கிறீர்கள்?"

பொன்ராஜ் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "வக்கீலம்மாவை நம்பித்தான் ஐயா."

மாஜிஸ்திரேட் ஒரு நிமிடம் ஜெசிந்தாவைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். காலையில் நாங்கள் ஏழு பேர் மாறி மாறிப் பேசியதைவிட இதுதான் பாராட்டு என்று எனக்குத் தோன்றியது. ஜெசிந்தா கர்ச்சீப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது?

ஆர்டரை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் காரில் ஜெயிலுக்குப் பறந்தோம். சாயங்காலம் கதவை அடைக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது உள்ளே கொடுத்தாயிற்று. ஒரு மஞ்சள் பையோடு அந்தோணி வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். எங்களைக் காட்டி, "இவிய யாரு?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"ஒங்களுக்கு ஜாமீன் நின்னவிய."

அவர் மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அப்புறம், "ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வந்துருங்க" என்றார்.

காலையில் ரசீதை ஒளித்த ஆள் நான்தான் என்பதை மறந்து, எனக்குக் கெத்து வந்துவிட்டது. "வாய்தாவுக்கு ஒழுங்கா வந்துரணும் தம்பி" என்றேன்.

அந்தோணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்துருவேன் அண்ணாச்சி, பயப்படாதிய. நான் வராட்டா ஒங்களையில்லா கூப்புடுவாவ. உள்ள ஒங்களுக்கு ஒத்துக்காது. ஒரே கொசு."

மனித உரிமையைப் பற்றி எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன் – ஒரு கைதியின் வாய்தா தேதி எனக்கு மனப்பாடமானது இதுதான் முதல் தடவை.