சோற்றுப் பையில் ஒரு டிஸ்க்

ஒரகடம் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் சர்வரைக் கவனித்துவந்தவர் ஒல்லி. கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். புது சாஃப்ட்வேர் போடும் முன், ஓடுகிற சர்வரில் ஒரே தகவலைத் தாங்கும் இரட்டை டிஸ்க்கில் ஒன்றைக் கழற்றி, ஏதும் கெட்டால் பழையபடி ஓட்டப் பத்திரப்படுத்துவார். அன்று ஒரு டிஸ்க் குறைந்ததால் சர்வரில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்த மேனேஜர், "அறிவிருக்காய்யா? உடனே மாட்டு!" என்று எங்கள் முன்னாலேயே கத்தினார். இவர் உடனே ஒரு டிஸ்க்கை மாட்டினார். புது சாஃப்ட்வேர் இரண்டு டிஸ்க்கையும் கெடுத்தது, உற்பத்தி லைன் நின்றது.

"இப்ப என்னய்யா பண்றது?" மேனேஜர் கெஞ்சினார்.

"மாட்டச் சொன்னது நீதான்னு எம்டிக்குப் போன் போட்டுச் சொல்லு சார். அதுக்குள்ள துன்னுட்டு வந்துர்றேன்."

மேனேஜர் எம்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்வரை இவர் தயிர்சோற்றை நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, காலையில் கழற்றிய டிஸ்க்கைச் சோற்றுப் பையிலிருந்து எடுத்தார். மேனேஜர் கத்தியபோது அவர் மாட்டியிருந்தது வேறொரு காலி டிஸ்க்.

நின்ற லைனில் நானும் நின்றிருந்தேன். அவர் கை கழுவிய நிதானத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது; பயமாகவும் இருக்கிறது.